எட்டாம் வகுப்பில் ‘அட்வான்ஸ்டு செக்‌ஷன்’: சேர்ப்பதா, வேறு வழி பார்ப்பதா?

ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது சென்னையின் பல தனியார் பள்ளிகளிலிருந்து வீட்டுக்கு ஒரு சுற்றறிக்கை வரும். ஒரு தேர்வு வைத்து, தேறும் பிள்ளைகளைத் தனி வகுப்பில் உட்கார வைத்து, ஜேஇஇ, நீட் அடிப்படையையும் சேர்த்து நடத்துவார்களாம். ஃபவுண்டேஷன், ஐஐடி செக்‌ஷன், அட்வான்ஸ்டு என்று பெயர் மட்டும் பள்ளிக்குப் பள்ளி மாறும். இதை விட்டால் வழக்கமான செக்‌ஷனில் படித்துக்கொண்டே மாலையில் கோச்சிங் போகலாம். அல்லது கணிதப் போட்டிகளுக்குத் தயாராகலாம்.

தனி செக்‌ஷனின் பெரிய வசதி அலைச்சல் இல்லாதது. அம்பத்தூரிலிருந்து அண்ணா நகருக்குக் கோச்சிங் போய்வரும் பிள்ளை இரவில்தான் சாப்பிட உட்காரும். ஆனால் ‘திறமைத் தேர்வு’ என்பதில் பெரும்பாலும் அடுத்த வகுப்புக் கணக்குகள்தான் இருக்கும். ஏற்கெனவே டியூஷன் போன பிள்ளை அதில் முந்திவிடும். திறமை எங்கே அளக்கப்பட்டது? எட்டாம் வகுப்பு வரை பள்ளியில் சேர்ப்பதற்கே தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு தடுக்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். அதனால் சேர்த்த பிறகு ‘செக்‌ஷன் பிரிக்க’ என்று வைக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பி.டி. பீரியட் மிஞ்சுமா, பாதியில் விலகினால் கூடுதல் கட்டணம் திரும்புமா, மதிப்பெண் குறைந்தால் நடுவருடத்தில் பிள்ளையை வேறு செக்‌ஷனுக்கு மாற்றுவார்களா? மூன்றாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் சேர்க்க மாட்டேன்.

வெளிக் கோச்சிங்கில் பிடிக்காவிட்டால் நிறுத்தலாம், பள்ளி நண்பர்கள் அப்படியே இருப்பார்கள். அதைத் தாண்டிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கில் ஆசையுள்ள பிள்ளைக்கு என் ஓட்டு போட்டிகளுக்குத்தான். திருவல்லிக்கேணியில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் என்எம்டிசி தேர்வில் 7, 8ஆம் வகுப்புக்கென்றே தனி நிலை உண்டு. அப்புறம் கணித ஒலிம்பியாடுக்கான முதல் கட்டத் தேர்வான ஐஓக்யூஎம்: மூன்று மணி நேரம், 30 கேள்விகள், விடை ஒவ்வொன்றும் ஒரு முழு எண். சூத்திரத்தை மனப்பாடம் செய்து இதில் தப்ப முடியாது, ஒரே கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். குறை என்னவென்றால், கூட உட்கார வீட்டிலோ பள்ளியிலோ ஒரு ஆள் தேவை. உயிரியல் பிரியருக்கு இந்த வழி சரிவராது.

அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் போதும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு இந்த அவசரமே தேவையில்லை. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை வைத்து 200க்குப் போடும் கட்-ஆஃப்தான் இடத்தை முடிவு செய்கிறது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது; மறு ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. எட்டில் மாற்றினால் அந்த இடம் போய்விடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை உயர்கல்விக்குத் தயார்செய்யும் அரசின் மாதிரிப் பள்ளி அவளுக்குக் கிடைக்குமா என்று தலைமையாசிரியரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.