வெள்ளவத்தையில கடற்றொழில் பரிசோதகர் சோதினை வகுப்பு: ஞாயிறுக்கு மட்டும் போங்கோ

தம்பிக்காகத்தான் விசாரிக்கப் போனனான், கடைசில நானே சேர்ந்து மூண்டு மாசம் போய்வந்தன். காலி வீதியில ஒரு ரெண்டாம் மாடி. கடற்றொழில் பரிசோதகர், வனஜீவராசிகள் உத்தியோகத்தர் ரெண்டு சோதினைக்கும் சேர்த்துத்தான் படிப்பிக்கினம். குறையும் சொல்லப்போறபடியா நிலையத்தின்ர பேர் போடேல்ல.

ஞாயிற்றுக்கிழமை வாறவர் பென்சன் எடுத்த கடற்றொழில் உத்தியோகத்தர். ஒருநாள் ரெஜிஃபோம் பெட்டிக்குள்ள ஐஸ் போட்டு ஒரு பெட்டைச் சிங்க இறால் கொண்டந்து மேசையில மல்லாத்தி வச்சார். முட்டை இருந்தா வால் பக்கத்துக்குக் கீழ இஞ்சதான் குறுணி குறுணியா ஒட்டியிருக்கும், அதைப் பிடிக்கிறது சட்டப்படி குற்றம், அதுக்காகச் சிலபேர் முட்டையைச் சுரண்டிப்போட்டுக் கொண்டருவினம், அப்ப இந்த மயிர் மாதிரி இருக்கிறது பிய்ஞ்சு கிடக்கும், விரலை வச்சுப் பாருங்கோ எண்டார். ஏ.எல்ல உயிரியல் படிச்ச நாங்கள் எல்லாரும் அண்டைக்குத்தான் முதல்முறை தொட்டுப் பார்த்தம். வலைத் துண்டை இழுத்துப் பிடிச்சு முடிச்சுக்கு முடிச்சு வலைக்கண்ணின்ர அளவை அளக்கவும் பழக்கினவர். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல எங்கட மீனைத் தடை செய்து 2016இல எடுத்த கதையைச் சொல்லேக்க, ஆழ்கடல் படகுகளைச் சரியாக் கண்காணிக்காததால வந்த வினை, நாளைக்கு அந்தக் கதிரையில இருக்கப்போறது நீங்கள் எண்டு சொன்னார், எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்தது.

சனிக்கிழமை சட்டப் பாடம்தான் மோசம். நோட்ஸ் சிங்களத்தில இருந்து அவசரத்தில மாத்தின தமிழ். வனஜீவராசிகளுக்கு 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கடற்றொழிலுக்கு 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்கச் சட்டம், ரெண்டும் 2ஆம் இலக்கம் எண்டதால ஆண்டை மாறி அடிச்சு வச்சிருக்கினம். சிங்கராஜ வனத்தை வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர எண்டு போட்டிருக்கினம், அது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர பொறுப்பு. இப்பிடிப் பாடமாக்கிப் போற பிள்ளை சோதினையிலயும் பிழை விடும், வேலை கிடைச்சாலும் ஆரின்ர அதிகாரம் எங்க முடியுது எண்டு தெரியாமல் நிக்கும். முத்துராஜவெல சதுப்புநிலத்துக்குக் கூட்டிப் போறம் எண்டு காசு கட்டேக்க சொன்னவை, கொழும்பில இருந்து கிட்டத்தான், கடைசிவரை போகேல்ல.

ஞாயிறு வகுப்புக்கு மட்டும் தனியாக் காசு கட்டலாம், கேட்டா விடுவினம். சட்டத்துக்கு அதின்ர தமிழ்ப் பிரதியையே எடுத்துப் படியுங்கோ. பிழைகளைச் சிவப்புப் பேனையால குறிச்சு ஒஃபிஸில குடுத்தனான், திருத்துறம் எண்டவை. போன கிழமை புதுசாச் சேர்ந்த பிள்ளையின்ர நோட்ஸை வாங்கிப் பார்த்தன், அதே போட்டோகொப்பி.