அன்ரியல் வேர்ல்டு: முப்பது வருசத்துப் பழைய சர்வைவல் கேம் இன்றைக்குத் தாக்குப்பிடிக்குமா?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெஸ்க்டாப்பும், பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பும் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் நல்ல சர்வைவல் கேம் எது என்று பசங்க கேட்டால் பழைய பேர்கள்தான் வாயில் வரும். அதில் மூன்றை இங்கே பார்க்கலாம். 1992-இல் வந்த அன்ரியல் வேர்ல்டுதான் முக்கியமாக. ஒரேகன் டிரெயிலும் ராபின்சன்ஸ் ரெக்வியமும் ஒப்பிட்டுப் பார்க்க.

மூன்றுமே கடினமான கேம்கள் என்று பேர் எடுத்தவை. ஆனால் பழைய கேமில் கடினம் இரண்டு இடத்திலிருந்து வரும். பசி, குளிர், களைப்பு, கெட்டுப்போகிற உணவு என்று கேமின் உலகத்திலிருந்து வருவது ஒன்று. கீபோர்டு, மெனு, சொல்லாமல் மறைத்த விதிகள் என்று செய்முறையிலிருந்து வருவது இன்னொன்று. எது எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: ஆள் செத்த பிறகு ஏன் செத்தான் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்த கேம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

அன்ரியல் வேர்ல்டு அந்தச் சோதனையில் முழுசாகத் தேறுகிறது. பின்லாந்தின் இரும்புக்காலத்தில் நடக்கிற கேம் இது. சமி மாரனென் தொடங்கியது, பிறகு எர்க்கா லெஹ்முஸும் சேர்ந்துகொண்டார். இன்றுவரை புதுப் பதிப்புகள் வந்தபடி இருக்கின்றன. 2016-இல் கேம் விற்கிற ஸ்டீம் தளத்துக்கும் வந்தது. கதை கிடையாது, ஜெயிப்பது என்று ஒன்றும் கிடையாது. ஒரு காடு, ஒரு ஆள், ஒரு வருசத்தின் பருவங்கள், அவ்வளவுதான். பருவம் பார்த்து வேலை செய்யாவிட்டால் சாவு. செத்தால் அந்த ஆள் அதோடு முடிந்தான், பழைய சேவிலிருந்து எழுப்ப கேமுக்குள் வழியில்லை.

முதன்முதலாக விளையாடுகிறவர்கள் வசந்தத்தில் அல்லது கோடை தொடக்கத்தில் ஆரம்பியுங்க. கேமே சில சூழல்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். காயத்தோடு தொடங்குவதும் அதில் உண்டு. அதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். உள்ளேயே இருக்கும் பயிற்சிப் பாடங்களை முதலில் முடியுங்க. கிளை ஒடிப்பது, குடில் போடுவது, தீ மூட்டுவது என்று வரிசையாகச் செய்ய வைக்கும். எந்த விசை எதற்கு என்பது அதிலேயே கைக்கு வந்துவிடும். எஃப்1 அழுத்தினால் கேமின் கலைக்களஞ்சியம் திறக்கும். எழுத்து அத்தனையும் ஆங்கிலம். ஆனால் அன்றாட வேலைகளின் பெயர்கள்தான் என்பதால் பழகிக்கொள்ளலாம்.

புதியவர்கள் அதிகம் சாவது பசியில். ஆனால் அவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கேம் வயிறு நிரம்பியிருப்பதையும் உடம்புக்குச் சத்து சேர்வதையும் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. காட்டில் கிடைக்கும் பழத்தைக் கூடை கூடையாகத் தின்றால் வயிறு நிறைந்ததாகக் காட்டும், பசி இல்லை என்று நிம்மதியாக நடப்பார்கள். உள்ளே உடம்பு இளைத்துக்கொண்டே போகும். இறைச்சியும் கொழுப்பும் தானியமும் இல்லாமல் பல நாள் ஓட்டினால் பலம் குறையும், கோடாலி வேலை இழுக்கும், வேட்டை தப்பும். அப்போதுதான் ஆபத்து தெரியும். அதனால் ஆரம்பத்திலேயே ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ இடம் பிடித்து மீனில் வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டு, அந்த நேரத்தில் பெரிய வேட்டைக்கான வேலையைத் தொடங்க வேண்டும்.

பெரிய வேட்டை என்றால் வில்லை எடுத்துக்கொண்டு மானைத் துரத்துவது என்று நினைத்து ஓடுகிறவர்கள்தான் அடுத்தபடியாகச் சாகிறார்கள். ஓட ஓடக் களைப்பு ஏறும். களைப்பு ஏறினால் குறி தவறும், சண்டையில் கை வராது. முதுகில் சுமை இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். துரத்தி வேட்டையாடுவது நடக்காத காரியமில்லை, விலங்கும் களைக்கும். ஆனால் சுமையைக் கீழே வைத்துவிட்டு, ஓடாமல் தடம் பார்த்து நிதானமாக, விலங்கை நிற்கவிடாமல் பின்தொடர வேண்டும். பனிக்காலத்தில் சறுக்குக்கட்டை காலில் இருந்தால் ஆழமான பனியில் திணறும் எல்க் என்னும் பெரிய மானைப் பிடிப்பது எளிது. கோடையில் அந்த வழி வேண்டாம்.

கோடையில் உருப்படியான வழி குழிப்பொறி. இரண்டு நீர்நிலைகளுக்கு நடுவே குறுகலாக நிலம் இருக்கும் இடத்தைப் பாருங்க. விலங்குகள் அந்தப் பக்கம்தான் கடக்க வேண்டியிருக்கும். அங்கே குறுக்கே வேலி கட்டி, வேலியின் இடைவெளிகளில் மட்டும் குழி தோண்ட வேண்டும். கையால் தோண்டினால் நாள் போய்விடும், மரத்தில் மண்வெட்டி செய்துகொண்டு தொடங்குங்க. அடியில் கூர்முளை நட்டு, மேலே தளிர்க்கிளைகளால் மூட வேண்டும். மூடாத குழியில் எதுவும் வந்து விழாது. தோண்டி முடித்த அலுப்பில் இதை மறந்துவிட்டு, வாரக்கணக்கில் ஒன்றுமே சிக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. குழியில் எல்க் விழுந்துவிட்டால் ஈட்டியோடு பக்கத்தில் போய் நிற்காதீங்க, உதை வாங்கி எலும்பு முறியும். தூரத்தில் நின்று முடியுங்க.

விழுந்த எல்க்கில் இறைச்சி மலை மாதிரி கிடைக்கும், அப்போதுதான் நம்ம ஊர் மூளை தவறு செய்யும். சித்திரை வெயிலில் உப்புக்கண்டம் கொடியில் காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இறைச்சியைக் கோடையில் காயப்போடுவதுதான் இயல்பாகத் தோன்றும். கேமில் அது நடக்காது. உப்புத் தடவாத இறைச்சி வடக்கத்திக் கோடையின் மிதமான சூட்டில் காய்வதற்குள் அழுகிவிடும் என்பதுதான் அதன் கணக்கு. அங்கே இறைச்சி காய்வது குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும். குளிர் அழுகலை நிறுத்திவைக்கும், காற்று ஈரத்தை எடுத்துவிடும். கொடி கட்டக் கயிறு வேண்டும், அதையும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும். கோடையில் விழுந்த எல்க்கைக் காப்பாற்ற நல்ல வழி புகையூட்டுவது. அதற்குச் சுவரும் கதவும் அடுப்பும் உள்ள கட்டிடம் வேண்டும், தினமும் அடுப்பில் தீ போட வேண்டும். ஆக, முதல் கோடையில் பெரிய வீடு கட்டுகிறேன் என்று மரம் வெட்டிக்கொண்டே இருக்காமல் சின்னதாக ஒரு அறை, ஒரு அடுப்பு என்று முதலில் முடித்துவிட்டால் குழியில் விழுகிற எதுவும் வீணாகாது. பருவம் தெரியாமல் இறைச்சியைக் கெடவிட்டவன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்று அவனுக்கே தெரியும். இந்த கேமின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது.

தோலும் இதே மாதிரிதான். உரித்தவுடன் சுத்தம் பண்ணி, பதனிட்டு, கடைசியாக அலசி முடிக்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் தோல் கெட்டுவிடும். பனிக்காலத்துக்குப் போர்வையும் உடுப்பும் அதிலிருந்துதான் வரும். கிராமங்களில் பணம் கிடையாது, பண்டமாற்றுதான். கிராமத்தாருக்குத் தேவையில்லாத பொருளை நீங்கள் குவித்தாலும் வாங்கமாட்டார்கள். நல்ல தோல், காய்ந்த இறைச்சி இரண்டுக்கும் எங்கேயும் மதிப்பு உண்டு.

விவசாயமும் இருக்கிறது. காட்டைத் திருத்தி எரித்து, மண்ணைக் கிளறி பார்லி, ரை, டர்னிப் மாதிரியானவற்றை விதைக்கலாம். பனி உருகியதும் விதைக்காவிட்டால் அறுவடைக்குள் குளிர் வந்துவிடும். பண்ணையம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பட்டம் தவறினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முதல் வருசத்தில் விளைச்சலை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது, விளைந்து வருவதற்கு மாதங்கள் ஆகும்.

இன்னொரு சாவு: ஏரி உறையத் தொடங்கும்போதும் உருகத் தொடங்கும்போதும் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும். குறுக்கு வழி என்று அதன்மேல் நடந்தால் உடைந்து உள்ளே போவீங்க. கரையேறினாலும் நனைந்த உடுப்போடு குளிரில் உயிர் நிற்பது கஷ்டம். சுற்றி நடங்க.

குறையும் உண்டு. படங்கள் சின்னச் சின்னவை, முதல் நாளில் எது மரம் எது புதர் என்று கண்ணுக்குப் பிடிபடாது. நகர்வதற்கு எட்டுத் திசையும் தேவை, அதற்கு நம்பர் பேடு உள்ள கீபோர்டு வசதி. சின்ன லேப்டாப்பில் அது இருக்காது, யூஎஸ்பி நம்பர் பேடு ஒன்று வாங்கிச் செருகிக்கொள்வது நல்லது. கட்டளைகள் நிறைய இருப்பதால் இரண்டு மூன்று மாலைகள் விசைப்பலகையைப் பார்த்தே விளையாட வேண்டியிருக்கும். நியெர்பெஸ் என்னும் எதிரி வீரர்கள் எதிர்ப்பட்டால் முதல் வருசத்து ஆள் தப்புவது அரிது. அதுவும் நியாயமான கடினம்தான், ஆனால் அரைமணி நேரம் முன்னால் தொடங்கிய ஆளுக்கு நேர்ந்தால் மனசு விட்டுப்போகும்.

ஒரேகன் டிரெயில் பற்றி இரண்டு வார்த்தை. 1971-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் மாணவர்களுக்காக எழுதப்பட்டது, பலருக்குத் தெரிந்த வடிவம் 1985-இல் எம்இசிசி என்னும் கல்வி மென்பொருள் அமைப்பு வெளியிட்டது. 1848-இல் மிசௌரியிலிருந்து ஒரேகனுக்கு ஐந்து பேர் மாட்டுவண்டியில் போகிற பயணம். இன்டர்நெட் ஆர்க்கைவில் உலாவியிலேயே விளையாடலாம். வங்கிக்காரர் 1600 டாலரோடும், தச்சர் 800 டாலரோடும், விவசாயி 400 டாலரோடும் கிளம்புவார்கள். விவசாயிக்குக் கடைசியில் புள்ளிகள் மூன்று மடங்கு. கடைக்காரர் மேட் சொல்கிற யோசனையைக் கேட்டு மூன்று ஜோடி மாடு (120 டாலர்), ஆளுக்கு 200 பவுண்டு உணவு (200 டாலர்), ஆளுக்கு இரண்டு உடுப்பு (100 டாலர்) என்று வாங்கினால் 420 ஆகிவிடும், விவசாயியிடம் இருப்பதோ 400. இதனால்தான் பலர் விவசாயியைத் தொடுவதே இல்லை. உணவை 300 பவுண்டுக்குக் குறைத்து 60 டாலரில் முடித்து, தோட்டா பத்துப் பெட்டி 20 டாலருக்கு, சக்கரம், அச்சு, மாட்டைப் பூட்டும் நீண்ட கட்டை என்று ஒவ்வொன்றில் ஒன்று, மூன்றும் சேர்த்து 30 டாலருக்கு வாங்கினால், மாடும் உடுப்பும் சேர்த்து 330-இல் நின்றுவிடும். மீதி 70 டாலர் வழியில் ஆறு கடக்க, பொருள் வாங்க என்று உதவும். உணவு வேட்டையில் வரும். எத்தனை எருமை சுட்டாலும் வண்டிக்குச் சுமந்து வர முடிவது 100 பவுண்டுதான், அதனால் தோட்டாவைச் செலவழித்துக் குவிக்காதீங்க. ஆற்றின் ஆழம் 2.5 அடிக்குள் இருந்தால் மட்டும் இறங்கிக் கடங்க.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருப்பதால் ஒரேகன் டிரெயில் இன்றைக்கும் ஒரு மாலை நேரத்துக்குத் தாராளமாகத் தாங்கும். ஆனால் நோயும் திருட்டும் தற்செயலாக வந்து விழும், அங்கே ஏன் செத்தான் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. அமெரிக்கப் பூர்வகுடிகளை அது காட்டிய விதமும் இன்று உறுத்துகிறது. 2021-இல் வந்த மறுஉருவாக்கத்தில் பூர்வகுடி ஆலோசகர்களை வைத்து அதைத் திருத்தினார்கள்.

ராபின்சன்ஸ் ரெக்வியம் 1994-இல் பிரான்சின் சில்மரில்ஸ் உருவாக்கியது. வேற்றுக் கிரகத்தில் விழுந்த ஆளின் காய்ச்சல், முறிவு, தசையழுகல், தேவைப்பட்டால் கையைத் துண்டிப்பது வரை உடம்பை அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டது. அந்தக் காலத்தில் யாரும் செய்யாத துணிச்சல் அது. ஆனால் மவுஸால் சின்னச் சின்ன ஐகான்களை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், எந்த நோய்க்கு எந்த மருந்து என்று கேம் சொல்லாது. இறந்தவனுக்கும் காரணம் தெரியாது. கேம் விற்கிற ஜிஓஜி தளத்தில் கிடைக்கிறது. பழைய டாஸ் கேம்களை ஓட்டுகிற டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓடும்போது வேகம் கூடிப்போனால் கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்திக் குறையுங்க, மந்தமானால் கண்ட்ரோலோடு எஃப்12. ஆர்வத்துக்காகப் பார்க்கலாம், நேரம் செலவழிக்க அல்ல.

வாங்குகிறவர்களுக்கு: அன்ரியல் வேர்ல்டின் பழைய பதிப்புகள் அதன் சொந்தத் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அதில் ஒரு பனிக்காலத்தைத் தாண்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் ஸ்டீமிலோ இட்ச் தளத்திலோ புதுசை வாங்குங்க. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் அடிக்கடி சேவ் பண்ணிக்கொள்ளுங்க, கரண்ட் போனால் கடைசி சேவுக்குப் பிறகு செய்த வேலை எல்லாம் போய்விடும். கேம் போல்டருக்குள் ஒவ்வொரு ஆளுக்கும் தனி போல்டர் இருக்கும், கேமை மூடிய பிறகு அதைப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்தால் பழுதான ஹார்டு டிஸ்க்கோடு உங்கள் ஆளும் சேர்ந்து போகாமல் இருப்பான்.