மின்ஜே, நம்பர் 3: வேலூர்ல ஒரே ஒரு ஜெர்சி அடிச்ச அனுபவம்

பழைய பஸ் ஸ்டாண்ட்ல இருந்து லாங் பஜார் பக்கம் நடந்தா மாடில ஒரு சின்ன ஜெர்சி பிரிண்டிங் கடை இருக்கு, கீழ போர்டு கூட பெருசா இல்ல, படிக்கட்டு ஏறினதும் ஹீட் பிரஸ் மெஷின் சூடுதான் முதல்ல மூஞ்சில அடிக்கும். கிரிக்கெட் டீம், கபடி டீம், காலேஜ் பசங்க டூர் டி-ஷர்ட்னு மூட்டை மூட்டையா கட்டி வச்சிருப்பாங்க. நான் போனது ஒரே ஒரு பீசுக்கு. மத்த கடைல எல்லாம் ஒண்ணுன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க, மினிமம் பத்து இருந்தாதான் மெஷின் ஆன் பண்ணுவேன்பாங்க, இங்க பாய் உடனே "எழுதிக் குடு தம்பி"ன்னு ஒரு பேப்பர நீட்டினாரு, அதுக்கே முழு மார்க்.

எழுதிக் குடுத்தேன். மின்ஜே, கீழ நம்பர் 3.

"இன்னா தம்பி, பேரே புதுசா கீதே? எல்லாரும் ரொனால்டோ, மெஸ்ஸி, மிஞ்சினா நெய்மார்தான் கேப்பாங்க"ன்னாரு. கொரியா டிஃபெண்டர் பாய், கிம் மின்ஜேன்னேன். கோல் அடிக்கிறவனான்னு கேட்டாரு, இல்ல பாய், கோல் விடாம பாத்துக்கிறவன்னேன். நான் பத்து வருஷமா ஞாயித்துக்கிழமை மேட்ச்ல ஸ்டாப்பர் பேக்தான் ஆடுறேன், டிஃபெண்டர் பேரை முதுகுல போட்டவன் ஒருத்தனையும் எங்க கிரவுண்டுல பாத்ததில்ல, அந்த ஏக்கத்துலதான் இந்த ஜெர்சியே.

மெஷின் சூடாகுற வரைக்கும் பாய் கதை கேட்டாரு, சொன்னேன். தென்கொரியாவோட தெக்குப் பக்கம் டோங்யோங்னு ஒரு துறைமுக ஊர்ல 1996ல பொறந்த ஆளு, அப்பா ஜூடோ, அம்மா தடகளம். யோன்செ யுனிவர்சிட்டிய பாதில விட்டுட்டு 2016ல கியோங்ஜுல ஒரு அணுமின் கம்பெனி டீம்ல போய் ஆடினான், நம்ம சென்னைல ஐசிஎஃப், இந்தியன் பேங்க் டீம் இருக்குல்ல, அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. அடுத்த வருஷமே ஜியோன்புக் ஹூண்டாய் டீம் எடுத்துக்கிச்சு, வேலூர்ல இருந்து சென்னை போற வழில இருங்காட்டுக்கோட்டைல பெரிய கார் ஃபேக்டரி பாப்போமே, அதே ஹூண்டாய்தான். முதல் சீசன்லயே சாம்பியன், லீக்லயே சிறந்த இளம் ஆட்டக்காரர் பட்டமும் வாங்கினான், அதே 2017 ஆகஸ்ட்ல நேஷனல் டீம்லயும் இறங்கிட்டான். அப்புறம் 2018 வேர்ல்டு கப்புக்கு ஒன்றரை மாசம் இருக்கும்போது காலு உடைஞ்சுபோச்சு. ரஷ்யாவுல கொரியா ஜெர்மனிய 2-0ன்னு அடிச்ச மேட்ச்ல இவன் இல்ல. ஆனா அதே வருஷம் ஏஷியன் கேம்ஸ்ல ஜப்பான ஜெயிச்சு தங்கம் வாங்கினாங்க, அங்க தங்கம் வாங்கினா கட்டாய ராணுவ சேவைல இருந்து விலக்கு, சில வாரம் ட்ரெய்னிங்கும் கொஞ்சம் சமூக சேவையும் போதும், இல்லன்னா கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் போயிருக்கும். ஒரு ஆட்டக்காரனுக்கு அந்த ரெண்டு வருஷம் இன்னா விலைன்னு ஆடுறவனுக்குத்தான் தெரியும்.

பெய்ஜிங், அப்புறம் இஸ்தான்புல்ல ஃபெனர்பாச்சே, 2022ல இத்தாலில நப்போலி. அங்க பல வருஷம் ஆடின டிஃபெண்டர் கூலிபாலி செல்சிக்குப் போன எடத்துல இவன வாங்கினாங்க, அவ்ளோ பெரிய ஆளு எடத்துல ஏஷியாக்காரன் ஒருத்தன்னு நெறைய பேருக்கு சந்தேகம். ஒரே சீசன், 35 லீக் மேட்ச், டீம் மொத்தம் வாங்கின கோலு 38 மேட்ச்ல 28தான், லீக்லயே கம்மி. மரடோனா காலத்துல 1990ல ஜெயிச்ச டைட்டில் 33 வருஷம் கழிச்சு அந்த ஊருக்கு வந்துச்சு, இத்தாலி லீக்கோட சிறந்த டிஃபெண்டர் விருதும் மின்ஜேக்கு. டிஃபென்ஸ்னாலே இத்தாலிதான், அங்க போய் வாங்கினான் பாய்ன்னு சொல்லும்போது எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. அதான் நப்போலியோட வான நீலம் கேட்டேன்.

சரி, ஜெர்சிக்கு வரேன். லோகோ எதுவும் இல்லாத ப்ளெய்ன் டாட் நிட் பாலியஸ்டர், 350 ரூபா, பிரிண்ட் 120. துணி மெல்லிசு, காத்து போகும், நம்ம ஊரு மே மாச வெயில்ல நாலு மணிக்கு இறங்கினா கூட உடம்போட ஒட்டல. தோள்பட்டைல மட்டும் கொஞ்சம் பிடிக்குது, ஹெட் பண்ண எகிறும்போது அக்குள்ல இழுக்குது, ஒரு சைஸ் பெருசா எடுக்கணும்.

பிரிண்ட்தான் விஷயமே. இங்கிலீஷ்ல போட்டுக்கலாம்னு பாய் சொன்னாரு, நான் தமிழ்லதான் வேணும்னுட்டேன். கம்ப்யூட்டர்ல ஃபான்ட் மாத்தினதும் ஜேவோட கொம்பு தனியா, எழுத்து தனியா நின்னுச்சு, அதை சரி பண்ணி துணில ஒட்டுற வினைல் ஷீட்ட வெட்டி, வேண்டாதத ஊசி முனைல உரிச்சு எடுக்கும்போது ன் மேல இருந்த புள்ளி அதோட சேந்து வந்துருச்சு. அது எனக்குத் தெரியவே இல்ல. பிரஸ் பண்ணி எடுத்தப்புறம் பாய்தான் விரல வச்சுக் காட்டினாரு, "புள்ளி போச்சு பாரு, இப்ப இது மினஜேன்னு ஆயிடும்"னாரு. சின்னதா ஒரு வட்டம் வெட்டி, ட்வீசர்ல எடுத்து, மூச்ச அடக்கி அந்த எடத்துல வச்சு, பட்டர் பேப்பர் போட்டு மறுபடி அழுத்தினாரு. காசு எக்ஸ்ட்ரா கேக்கல. புள்ளி போனது கூட தெரியாம நான் போட்டுட்டுப் போயிருப்பேன், அவருக்கு மனசு வரல.

இப்போ எட்டு தடவ துவைச்சாச்சு. எங்க வீட்ல போர் தண்ணி, நல்ல உப்பு, துணியெல்லாம் வெறைச்சுப் போகும். புள்ளி அப்படியே இருக்கு. ஆனா 3 நம்பரோட கீழ் வளைவுல ஓரம் லேசா தூக்கிட்டு நிக்குது, முதல் தடவையே சரியா அழுத்தம் குடுத்திருந்தா இது வந்திருக்காது, இது கடை பக்கக் குறைதான். கொண்டுபோய்க் காட்டினேன், மறுபடி பிரஸ் பண்ணித் தந்தாரு, ரெண்டு வாஷ்ல திரும்ப லேசா தூக்குது. இதுக்காக ஒரு மார்க் கம்மி.

இந்த ஜெர்சி போட்ட நாள்ல இருந்து டீம்ல ஒருத்தன் விடாம கேக்குறான், ரியல் மாட்ரிட் மேட்ச்ல சொதப்பினவன்தானேன்னு. ஆமா, நப்போலிக்கு அப்புறம் ஜெர்மனில பாயர்ன் மியூனிக் டீமுக்குப் போயிட்டான், 2024 ஏப்ரல் 30, மியூனிக்ல, மாட்ரிட் ஃபார்வர்டு வினிசியஸ் பின்னாலயே இழுபட்டு மேல ஏறிட்டான், அவங்க டீம் க்ரூஸ் அந்தக் காலி எடத்துல பந்த விட்டாரு, கோலு. கடைசில பெனால்டியும் இவனால, மேட்ச் 2-2. கோச்சே வெளிப்படையா, ரொம்ப ஆவேசமாப் போறான்னு சொன்னாரு. ஆனா நப்போலில அவன தூக்கி வச்சுக் கொண்டாடினதும் இதே ஆட்டத்துக்குத்தான், ஃபார்வர்டுக்குப் பந்து வர்றதுக்கு முன்னாடியே முன்னேறிப் போய் பிடுங்குறது. பின்னால நின்னு காத்திருந்தா தப்பு தெரியாது, முன்னால போனா தெரியும். அடுத்த சீசன் குதிகால் தசைநாண் வலியோட ஆடி பாயர்னுக்கு லீக் ஜெயிச்சுக் குடுத்ததுல அவன் பங்கு இருக்கு, அதை யாரும் பேச மாட்டேங்குறாங்க.

போறவங்களுக்கு: தமிழ்ப் பேரு வேணும்னா பேப்பர்ல பெருசா, புள்ளியெல்லாம் அழுத்தி எழுதிக் குடுங்க, பிரஸ் பண்றதுக்கு முன்னாடி கிட்ட நின்னு பாருங்க. சாயந்திரம் கூட்டம், காலைல பதினோரு மணிக்குப் போனா அரை மணி நேரத்துல கைல வாங்கிடலாம். உள்பக்கம் திருப்பித் துவைங்க, நிழல்ல காய வைங்க, பிரிண்ட் மேல அயர்ன் பாக்ஸ் வைக்காதீங்க. நான் அடுத்த வாரம் ஒரு சைஸ் பெருசுல இன்னொண்ணு அடிக்கப் போறேன், 3 நம்பர டிடிஎஃப்ல (ஃபிலிம்ல பிரிண்ட் அடிச்சு துணில ஒட்டுறது) போடச் சொல்லியிருக்கேன்.