மட்டையைக் கீழே போட்டுட்டு ஓடணும்!

போன கோடையில் என் எட்டு வயசு மகளை ஜூனியர் ஜயன்ட்ஸில் சேர்த்தோம். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் சமூக நிதியம் 1994-லிருந்து நடத்துகிற பேஸ்பால் லீக். கட்டணம் கிடையாது. கலிபோர்னியாவில் பிள்ளைகள் விளையாட்டு என்றாலே பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். முதலில் நம்பவே இல்லை. சட்டை, தொப்பி எல்லாம் அவர்களே கொடுத்தார்கள்.

முதல் நாள் பந்தை அடித்தவள் மட்டையோடயே ஓடினாள். கிரிக்கெட் பார்க்கிற வீடு, வேறென்ன செய்வாள்! பயிற்சியாளர் இன்னொரு பிள்ளையின் அப்பா, சம்பளம் வாங்காத தொண்டர். சிரித்தபடி தானே மட்டையைக் கீழே போட்டு, முதல் பேஸ் வரை ஓடிக் காட்டினார். (அடித்தவர் ஓடித் தொடவேண்டிய நான்கு இடங்களைத்தான் பேஸ் என்கிறார்கள்.) மூன்றாவது வாரத்தில் பழகிவிட்டாள்.

ஆட்டத்தோடு நிற்பதில்லை. தன்னம்பிக்கை, நேர்மை, தலைமை, கூட்டுழைப்பு என்று நான்கு பேஸுக்கும் ஒரு குணம். புத்தகம் வாசிக்கவும் தூண்டுகிறார்கள்; அதில்தான் இவள் மும்முரம்.

போட்டிக்கு முக்கியத்துவம் தராத லீக் இது. ஆண், பெண் எல்லாரும் ஒன்றாக ஆடுவார்கள். ஜெயித்தே ஆகணும் என்கிற பிள்ளைக்குச் சப்பென்றிருக்கும். எங்களுக்குச் சரியாகப் பொருந்தியது.

மடக்கு நாற்காலியும் குடையும் எடுத்துப் போங்கள். வெயில் மண்டையைப் பிளக்கும்.