மினிட் புத்தகமா, மைக்கா, கேமராவா? நகர்மன்றக் கூட்டத்தைப் பதிவு செய்யும் வழிகள்: ஓர் அலசல்

ஒரு நகர்மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 34-ஆம் பொருளை, அதாவது முடிவுக்கு வைக்கும் 34-ஆவது முன்மொழிவை, எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு தெருவில் மழைநீர் வடிகால் கட்டும் வேலை. பொருளின் முடிவில் வழக்கமான வரி: "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்." அதன் கீழே அலுவலகக் குறிப்பு: "மன்றம் அனுமதிக்கலாம்." 12-ஆவது வார்டு உறுப்பினர் எழுந்து, அதே தெருவில் முன்பு கட்டிய வடிகால் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். பொறியாளர் ஏதோ பதில் சொல்கிறார். அவை சலசலக்கிறது. தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார். அடுத்த மாதம், கூட்ட நடவடிக்கைகளை எழுதி வைக்கும் மினிட் புத்தகத்தில் அந்தப் பொருளுக்கு எதிரே ஒரே சொல்தான் இருக்கிறது: "அனுமதிக்கப்பட்டது."

"நான் எதிர்த்தேன்" என்கிறார் உறுப்பினர். "எதிர்ப்பு பதிவாகவில்லை" என்கிறது அலுவலகம். இது எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் கூட்டம்தான் என்றாலும், மன்றக் கூட்டங்களைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்குப் புதிய காட்சி இல்லை. கூட்டத்தைப் பதிவு செய்ய இருக்கும் ஒவ்வொரு வழியும் இந்த 34-ஆம் பொருளுக்கு என்ன விடை தரும் என்று பார்த்தாலே எது எதற்கு உதவும் என்பது தெரிந்துவிடும்.

மினிட் புத்தகம் மட்டும்

மினிட்டின் பலத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. 60 பொருள் கொண்ட கூட்டம் சில பக்கங்களில் அடங்குகிறது. பணி ஆணை, பில், தணிக்கை எல்லாமே தீர்மான எண்ணைத்தான் மேற்கோள் காட்டும். பத்து வருடம் கழித்தும் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடலாம். மூன்று மணி நேர ஒலிநாடாவால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

குறை என்னவென்றால், முன்மொழிவைத் தயாரித்த அலுவலகமேதான் விவாதத்தையும் எழுதுகிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாவிட்டாலும், "ஏன்" என்ற கேள்வி உதிர்ந்து "என்ன" மட்டும் மிஞ்சும். சரிபார்ப்பதோ அடுத்த கூட்டத்தில்தான். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும், அவரவர் நினைவு அவரவருக்கு. 34-ஆம் பொருளில் பொறியாளர் என்ன பதில் சொன்னார் என்பது எங்குமே இருக்காது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 4(1)(பி)-யின் 8-ஆம் உட்பிரிவு, ஒவ்வோர் அரசு அமைப்பும் தன் மன்றங்கள், குழுக்களின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறதா, மினிட் கிடைக்குமா என்று தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ஒலிப்பதிவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் பிரிவு 2(ஜெ)-யில் டிஸ்கெட், பிளாப்பி, டேப், வீடியோ கேசட் வடிவில் தகவல் பெறுவதும் உரிமை என்று எழுதியிருக்கிறது. ஆகவே ஒலிப்பதிவு என்று ஒன்று இருந்தால் அதைக் கேட்டுப் பெற வழி உண்டு. இல்லாததைக் கேட்க முடியாது.

சொல்லுக்குச் சொல் எழுதுவது

சட்டமன்றம்போல் சுருக்கெழுத்தாளர்களை வைத்து முழுப் பேச்சையும் எழுதுவது இன்னொரு வழி. மிகத் துல்லியமானது. ஆனால் ஒருவரே மூன்று மணி நேரம் எழுத முடியாது. மாற்றி மாற்றி உட்கார ஆள் வேண்டும், பிறகு தட்டச்சு, பிறகு சரிபார்ப்பு. மாதம் ஒரு கூட்டம் நடத்தும் நகராட்சிக்கு இது கட்டுப்படியாகாது. கணினி தானாக எழுதித் தரும் மென்பொருளை நம்பலாமா? தேடுவதற்கு உதவும். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் அவையில், சர்வே எண்ணும் தெருப் பெயரும் ஆள் பெயரும்தான் முதலில் பிசகும். மன்றத்தில் முக்கியமானவையே அவைதான்.

ஒலிப்பதிவு

எங்கள் தேர்வு இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஒழுங்காகச் செய்தால் மட்டுமே.

மேசை நடுவில் ஒரு செல்போனை வைத்துவிட்டு "பதிவு செய்கிறோம்" என்று சொல்வது பதிவே ஆகாது. பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் நேரடிக் குரல் 6 டெசிபல் குறையும். ஓர் அடியில் இருக்க வேண்டிய மைக் 16 அடி தள்ளியிருந்தால் 24 டெசிபல் போய்விடும். அந்த இடத்தைச் சுவரின் எதிரொலியும் மின்விசிறியும் நிரப்பும். போதாக்குறைக்கு, செல்போன் ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும். யாரும் பேசாத நொடியில் விசிறிச் சத்தத்தை உயர்த்தி, அடுத்து வரும் முதல் இரண்டு சொற்களைக் குழப்பிவிடும்.

சரியான அமைப்பு இப்படி இருக்கும். இரண்டு இருக்கைக்கு ஒரு மேசை மைக், வாயிலிருந்து ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாண் தூரத்தில். பொத்தானை அழுத்தினால் மட்டும் திறக்கும் வகை நல்லது, ஏனென்றால் இருபது மைக் ஒன்றாகத் திறந்திருந்தால் கேட்பது இரைச்சல்தான். எல்லா மைக்கும், ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் கருவியான மிக்சருக்குப் போகும். மிக்சரின் லைன் அவுட் என்ற ஒலி வெளியீட்டிலிருந்து தனி ரெக்கார்டருக்கு ஒரு கம்பி. அவையின் ஸ்பீக்கர் சத்தத்தை யாராவது குறைத்தால் பதிவும் சேர்ந்து குறையாதபடி, ரெக்கார்டருக்குத் தனி வெளியீடு வேண்டும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டியைப் போட்டால் விசிறியின் உறுமலில் பெரும்பகுதி போய்விடும். தானியங்கி ஒலி அளவை அணைத்துவிட்டு, உரக்கப் பேசும்போது ரெக்கார்டரில் ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வைக்கலாம். கத்தல் வந்தாலும் உடையாது. இரண்டாவது ரெக்கார்டர் ஒன்றைத் தலைவர் மேசையில் அதன் சொந்த மைக்கோடு ஓடவிட வேண்டும். மைக்கை அழுத்தாமல் பேசியவரின் குரல் அதில் மங்கலாகவாவது விழுந்திருக்கும்.

கையில் தூக்கிக் கொடுக்கும் இரண்டு கார்ட்லெஸ் மைக்கை வைத்துச் சமாளிக்கும் அவைகளில், மைக் வந்து சேருமுன் பேசிய முதல் வாக்கியம் போய்விடும். ஆட்சேபணை பெரும்பாலும் அந்த முதல் வாக்கியத்தில்தான் இருக்கும்.

அடிக்கடி நேரும் விபத்துகள் மூன்று. முதலாவது: சில ரெக்கார்டர்களில் பதிவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஆயத்த நிலைதான். சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், இன்னொரு முறை அழுத்தினால்தான் பதிவு ஓடும். எரிகிற விளக்கைப் பார்க்காமல், ஓடுகிற நேர எண்ணைப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டாவது மின்வெட்டு. ரெக்கார்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், மிக்சர் அணைந்திருக்கும். கையில் கிடைப்பது முக்கால் மணி நேர நிசப்தம். யுபிஎஸ் போடுவதானால் மிக்சருக்கும் மைக் அமைப்புக்கும் முதலில் போட வேண்டும். மூன்றாவது, போன கூட்டத்தின் கோப்புகளை அழிக்காத கார்டு நடுவில் நிரம்பிவிடுவது.

இடப் பிரச்சினை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. 64 கிலோபிட் எம்பி3-யில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 29 எம்பி. மாதம் ஒன்று, மூன்று மணி நேரம் என்றால் வருடம் முழுவதும் சேர்ந்து 1 ஜிபியைச் சற்றே தாண்டும். மூலப் பதிவைச் சுருக்காத வேவ் வடிவில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவாக வைத்தால்கூட மணிக்கு 317 எம்பிதான். எம்பி3 இணையத்துக்கு, வேவ் பெட்டகத்துக்கு.

ஒலிக்கு ஒரு பெருங்குறை உண்டு: அதற்குக் கண் இல்லை. கை தூக்கியது யார், எழுந்து வெளியேறியது யார் என்று அதற்குத் தெரியாது. அதைத் தலைவரின் வாய்தான் ஈடு செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் முன் எண்ணைச் சொல்ல வேண்டும். பேசுபவர் வார்டு எண்ணைச் சொல்லித் தொடங்க வேண்டும். வாக்கெடுப்பானால் எதிர்ப்பவர்களின் பெயரையும் மொத்த எண்ணிக்கையையும் வாசிக்க வேண்டும். "34-ஆம் பொருள், 12-ஆவது வார்டு உறுப்பினர் எதிர்ப்பு, மற்றவர்கள் ஆதரவு, நிறைவேறியது." பத்து நொடி வேலை. மேலே சொன்ன சண்டை அதோடு தீர்ந்தது. உதவியாளர் ஒருவர் பொருள் எண்ணையும் அது தொடங்கிய மணி, நிமிடம், நொடியையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், கேட்பவர் மூன்று மணி நேரத்தைத் துழாவ வேண்டாம். இந்தத் தாள் இல்லாத ஒலிப்பதிவு இருந்தும் இல்லாததுபோலத்தான்.

வீடியோவும் நேரலையும்

கை தூக்கியது தெரியும், வரைபடம் தெரியும், வெளிநடப்பு தெரியும். வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2 மெகாபிட் வேகத்தில் மணிக்கு 900 எம்பி, அதாவது வருடத்துக்கு 32 ஜிபி. அதுவும் இன்று பெரிய சுமையில்லை. சுமை வேறிடத்தில் இருக்கிறது. கேமராவைத் திருப்ப ஆள், வெளிச்சம், அறுந்துபோகாத இணையம். எல்லாவற்றுக்கும் மேலாக, பல நேரலைகளில் படம் பளிச்சென்று இருக்கும், பேச்சு புரியாது. கேமராவின் சொந்த மைக்கையே நம்பியிருப்பதுதான் காரணம். மிக்சர் கம்பி இல்லாத வீடியோ, தூரத்து செல்போன் பதிவைவிட ஒரு படிகூட மேலானதில்லை. அதனால்தான் ஒலியை முதலில் சரி செய்யுங்கள் என்கிறோம். அது சரியானால் அதே கம்பியைப் பின்னால் கேமராவுக்கும் கொடுக்கலாம்.

கேமராவைப் பார்த்துப் பேசும் பழக்கமும் தொற்றிக்கொள்ளும். இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் ஊர்மன்றம் 2020 டிசம்பரில் ஜூமில் நடத்திய கூட்டத்தின் துண்டுக் காட்சிகள் 2021 பிப்ரவரியில் உலகம் முழுக்கப் பரவின. அதில் உறுப்பினர்கள் போட்ட சண்டை பலருக்கு நினைவிருக்கும். என்ன பொருள் பேச அவர்கள் கூடினார்கள் என்பது யாருக்கு நினைவிருக்கிறது? ஒலிக்கோப்பு அப்படிப் பரவுவது அரிது. தேவைப்பட்டவர்தான் தேடிக் கேட்பார்.

மற்ற இடங்களில்

இதில் சட்டம் போட்டு நீண்ட காலம் பழகிய இடங்கள் அமெரிக்க மாநிலங்கள். கலிஃபோர்னியாவின் பிரௌன் சட்டம், கூட்டத்துக்கு வருகிற எவரும் இடையூறு இல்லாமல் பதிவு செய்யலாம் என்கிறது. மன்றமே பதிவு செய்தால் அது பொது ஆவணம், ஆனால் 30 நாள் கழித்து அழிக்கலாம். டெக்சாஸில் 50,000 மக்கள்தொகையும் அதற்கு மேலும் உள்ள நகரங்கள் வழக்கமான கூட்டங்களை ஒலி, ஒளி இரண்டிலும் பதிந்து ஏழு நாளுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். யூட்டா எழுத்து மினிட்டையும் கேட்கிறது, பதிவையும் கேட்கிறது. இரண்டும் வேண்டும் என்ற அந்தப் புரிதல்தான் நமக்கும் ஏற்றது. இல்லினாய் ஒரு படி மேலே போய், மூடிய கூட்டங்களைத்தான் கட்டாயம் பதியச் சொல்கிறது. பொதுமக்களுக்காக அல்ல, வழக்கு வந்தால் நீதிபதி கேட்பதற்காக. பணியாளர் ஒழுங்கு நடவடிக்கை, வழக்கு ஆலோசனை போன்றவற்றை வெளியிட முடியாதே என்று தயங்குபவர்களுக்கு இதில் விடை இருக்கிறது: பதிவு செய்வது வேறு, வெளியிடுவது வேறு.

கலிஃபோர்னியாவின் 30 நாளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதம் ஒருமுறை கூடும் மன்றத்தில் மினிட் உறுதியாகும் நாளில், சண்டை தொடங்கும் அதே நாளில், பதிவு அழிந்திருக்கும். தகவல் சட்டப்படி பதிலுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதன் முடிவுக்கு 45 நாள் வரை, இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள். தகவல் ஆணையத்தின் வாசலுக்குப் போகவே 195 நாள் ஆகலாம். மன்றத்தின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும்வரை வைத்திருப்பதுதான் நியாயம். வருடத்தின் 36 மணி நேரமும் ஏறக்குறைய 1 ஜிபியில் அடங்கும்போது அழிக்க வேண்டிய அவசரம் என்ன?

எதிர்ப்பவர்கள் சொல்வது

வலுவான வாதம் ஒன்றுதான்: பதிவு ஓடினால் உறுப்பினர்கள் அடங்கிப் பேசுவார்கள், உண்மையான பேச்சு தலைவர் அறைக்கு நகர்ந்துவிடும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் தீர்மானம் அவையில்தான் நிறைவேற வேண்டும். அறையிலேயே பேசி முடித்து அவையில் விவாதமின்றி எல்லாவற்றையும் மொத்தமாக 'ஆல் பாஸ்' செய்தால், 60 பொருள் நான்கு நிமிடத்தில் போனது கோப்பின் நீளத்திலேயே தெரியும். மினிட் புத்தகத்தில் அது ஒருபோதும் தெரியாது.

"வெட்டி ஒட்டிப் பரப்புவார்கள்" என்பது இன்னொன்று. பார்வையாளர் மாடத்தில் இருப்பவர் கையில் ஏற்கெனவே செல்போன் இருக்கிறது. வெட்டிய துண்டுக்கு எதிரே வைக்க முழுப் பதிவு அலுவலகத்தில் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

அதற்கு அந்தப் பதிவு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். கூட்டம் முடிந்த அன்றே இரண்டு நகல் எடுத்து, கோப்பின் கைரேகைபோன்ற எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணைக் கணினியில் கணக்கிட்டு மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது, அதன் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கே இடம் இருக்கிறது. ஒரு நொடி வெட்டினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். நடுவில் "ரெக்கார்டரை நிறுத்துங்கள்" என்ற குரல் எழுந்தால், நிறுத்தும் முடிவையும் காரணத்தையும் தலைவர் மைக்கில் சொன்ன பிறகே நிறுத்தலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வைக்க வேண்டும். அடுத்த மாதம் மினிட் வாசிக்கும்போது 12-ஆவது வார்டு உறுப்பினர் எழுந்தால், குறிப்புத் தாளில் 34-க்கு எதிரே உள்ள நேரத்துக்குப் போய் அந்த நாற்பது நொடியை அவையிலேயே போட்டுக் காட்டலாம்.