மாட்செக்யூரிட்டியும் கோத் தோர் முகவரியும்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் வெப் சர்வர்களைப் பராமரிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, 2024 ஜூலையோட டிரஸ்ட்வேவ் சப்போர்ட்டை நிறுத்திட்டாங்களே, இனி மாட்செக்யூரிட்டி போடலாமா?" மாட்செக்யூரிட்டி என்பது தளத்துக்கு வரும் கோரிக்கைகளைச் சலித்து, தாக்குதல் போலத் தெரிந்தால் தடுக்கும் மென்பொருள்; முன்பு அதைப் பராமரித்த நிறுவனம் டிரஸ்ட்வேவ். தாராளமாகப் போடலாம். பொறுப்பு இப்போது மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் கையில் இருக்கிறது, வேலை நடக்கிறது. நான் பேச வந்தது அவர் கேட்காத விஷயம்: அதற்குள் நாமே எழுதிச் சேர்க்கும் ரெஜெக்ஸ் ரூல்கள், அதாவது எந்த மாதிரி எழுத்து வரிசை வந்தால் தடுக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள்.

எபேனில் இருந்து நாங்கள் கவனிக்கும் தளம், வீட்டுக்குப் பொருள் அனுப்பும் கடையினுடையது. ஆர்டர் ஃபார்மில் முகவரி கட்டாயம். இந்த மாதிரிப் பெட்டியில் டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் கட்டளையை நுழைத்துத் தாக்குவதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனைப் பிடிக்க யார் உட்கார்ந்தாலும் முதலில் எழுதுவது ஒன்றுதான்: ஒற்றை மேற்கோள், பின்னால் இடைவெளி இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, அடுத்து ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்து (எஸ்க்யூஎல்லில் 'அல்லது'). பாடப் புத்தகத்துத் தாக்குதல் அப்படித்தான் தொடங்கும்.

மோகா பக்கத்தில் கோத் தோர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2019 இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டுகளுக்காகப் பெரிய வளாகம் கட்டினார்களே, அங்கேதான். பிரெஞ்சு எழுத்தில் அந்தப் பெயரின் கடைசிச் சொல் டி, ஒற்றை மேற்கோள், ஓ, ஆர். ரூல் வேறெதையும் பார்க்காது. அந்த ஊர் அம்மா ஒருவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் முகவரியைத் தட்டி ஆர்டர் கொடுத்தால் 403, அதாவது 'அனுமதி இல்லை'. சொல்லின் எல்லையைக் குறிக்கும் அடையாளத்தைச் சேர்த்தாலும் பயனில்லை. இங்கே ஓ-ஆர் முழுச் சொல்லாகவே நிற்கிறது.

இன்னும் எரிச்சலான விஷயம், அதே அம்மா ஃபோனிலிருந்து ஆர்டர் போட்டால் போய்விடும். சில ஃபோன் கீபோர்டுகள் நேர் மேற்கோளுக்குப் பதிலாக வளைந்த மேற்கோளைப் போடும். அது வேறு எழுத்து என்பதால் ரூல் கண்டுகொள்ளாது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திருடி, ஃபோனில் நல்லவர். லாகைத் திறந்து, எந்த எழுத்து எந்த பைட்டாக வந்தது என்று பார்க்கும் வரை இது பிடிபடாது.

சரி, ரூலை இறுக்கலாம். ஓ-ஆருக்குப் பின் எண், சமக்குறி, எண் வந்தால் மட்டும் தடு என்று எழுதினால் கோத் தோர் தப்பிக்கும். தாக்குகிறவனும் தப்பிப்பான். சமக்குறிக்குப் பதில் லைக் என்ற எஸ்க்யூஎல் சொல்லைப் போடுவான், இடைவெளிக்குப் பதில் கமென்ட் குறியைச் செருகுவான், ஓ-ஆருக்குப் பதில் இரண்டு நெடுங்கோடு போடுவான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராக்கெட் சேர்த்துக்கொண்டே போனால், ரெஜெக்ஸ் திரையை விட்டு வெளியே ஓடும். ஆறு மாதம் கழித்து அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஜாவா மென்பொருள் ஓட்டை வெளியே வந்தபோது உலகமே இந்த ஓட்டம்தான் ஓடியது: ${ என்று தொடங்கும் எழுத்துச் சரத்தைத் தடுத்தால், அதற்குள் இன்னொரு ${ வைத்து எழுத்துகளைப் பிரித்து அனுப்பினார்கள்.

நீளமான ரெஜெக்ஸ் தவறாகத் தடுப்பதோடு நிற்பதில்லை. 2019 ஜூலை 2 அன்று, ஏராளமான தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் ஒரே ஒரு புது ரூலைச் சேர்த்தது. உலகெங்கும் அவர்களுடைய சர்வர்களின் சிபியு முட்டி நின்றது, சுமார் 27 நிமிடம் ஏகப்பட்ட தளங்கள் 502 பிழை காட்டின. கோளாறு ரெஜெக்ஸின் வால் பகுதியில். சுருக்கி எழுதினால் .*.*=.* என்று வரும். 'எதுவானாலும், எவ்வளவானாலும்' என்பது இரண்டு தடவை அடுத்தடுத்து நிற்கிறது. முதலாவதுக்கு எவ்வளவு, இரண்டாவதுக்கு எவ்வளவு என்று எஞ்சின் பின்னால் போய்ப் போய் ஒவ்வொரு பங்காகப் பிரித்துப் பார்க்கும். சமக்குறிக்கு இருபுறமும் ஒவ்வோர் எழுத்து இருந்தால் 23 படி. வலப்பக்கம் 20 எழுத்து ஆனால் 555 படி. இத்தனைக்கும் அந்த ரூல் தடுக்கும் நிலையில்கூட இல்லை, சும்மா பதிவு செய்யும் நிலையில்தான் விட்டிருந்தார்கள். தடுக்காவிட்டாலும் ரெஜெக்ஸ் ஓடத்தானே செய்யும். 'முதல்ல லாக் மட்டும் பண்ணிப் பார்ப்போம்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

நியாயமாகவும் பேச வேண்டும். மாட்செக்யூரிட்டியோடு சேர்த்துப் போடும் கோர் ரூல் செட் என்ற ஆயத்த ரூல் தொகுப்பு அருமையான வேலை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 942100 என்ற எண்ணுள்ள ரூல். அந்த ரூலில் ரெஜெக்ஸே கிடையாது. லிப்இன்ஜெக்‌ஷன் என்ற நூலகம் வந்த சரத்தை எஸ்க்யூஎல் துண்டுகளாகப் பிரித்து, அந்த வரிசை தாக்குதல் மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறது. சிக்கும் ரூல்களுக்குப் புள்ளி கூட்டும் மதிப்பெண் முறையும் நல்லது, ஆனால் கடும் ரூல் ஒன்றுக்கு 5 புள்ளி, தடுக்கும் வரம்பும் 5 என்பதால் ஒன்று சிக்கினாலே கதவு மூடும். முகவரி ஃபீல்டுக்கு மட்டும் எங்கள் சொந்த ரூலிலிருந்து விலக்கு கொடுத்த பிறகு கோத் தோர் ஆர்டர்கள் ஒழுங்காகப் போகின்றன.

அப்போ தம்பிக்கு என்ன பதில்? கோர் ரூல் செட்டோடு போடுங்கள், நல்ல கருவி. ஆனால் நாமே எழுதும் ரூல்களின் தொல்லையையும் சேர்த்து இன்றைக்கு என்னிடம் மார்க் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். மாட்செக்யூரிட்டிக்கு மாற்றாக கோ மொழியில் எழுதிய கொராசாவின் ரெஜெக்ஸ் எஞ்சின் அப்படிப் பின்னால் போய்ப் போய்ப் பார்க்காது, அதனால் சிபியு பயம் போய்விடும். பதிலுக்கு, அடுத்து என்ன வருகிறது என்று எட்டிப் பார்த்து முடிவெடுக்கும் வசதியும் அதில் இல்லை. எங்கள் பழைய ரூல்களில் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். அதற்கு எனக்கு இப்போது மனசில்லை.