பிராய்லரா, சிறுவிடையா? சித்திரை வெயிலில் தெரியும் பதில்

கொட்டகைக்கு ஓலைக் கூரை, சுற்றிலும் நாலு மரம், மின்விசிறிக்கோ தெளிப்பானுக்கோ வழியில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கோழி வளர்க்க நினைப்பவருக்கு, சிறிய உடல்கொண்ட நாட்டுக்கோழியான சிறுவிடைதான் ஏற்றது என்பேன். நான் வளர்ப்பதும் அதைத்தான்.

பிராய்லரின் வேகம் ஊரறிந்தது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஒரு கிலோ எடை கூட இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனம் போதும். சிறுவிடை ஒரு கிலோவை எட்ட நான்கைந்து மாதமாகும். தீவனக் கணக்கை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978ஆம் ஆண்டுக் கோழி வம்சங்களை மாறாமல் காத்துவைத்து, 2005ஆம் ஆண்டு பிராய்லரோடு ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் எடை முறையே 905, 1,808, 4,202 கிராம். இது முழுக்கத் தேர்வு இனப்பெருக்கத்தின் வேலை.

எடையைத் தேர்ந்தெடுக்கும்போது பசியும் கூடவே வந்துவிடுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பால் சீகல் 1957இல் ஒரே கூட்டத்திலிருந்து இரு வம்சங்களைப் பிரித்தார். எட்டு வார எடை கூடியவை ஒரு பக்கம், குறைந்தவை மறுபக்கம். ஐம்பது தலைமுறைக்குப் பிறகு இரண்டுக்கும் எடையில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். கனத்த வம்சத்துக்கு வயிறு நிறைந்ததே தெரியாமல் கொழுப்பு சேர்கிறது. மெலிந்த வம்சத்திலோ தின்ன மனமில்லாமல் முட்டைக்கே வராத கோழிகள் உண்டு. ஆகவே சிறிய உடல் என்றாலே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். பிராய்லர் தாய்க்கோழிகளுக்கு இன்றும் தீவனத்தை அளந்துதான் போடுகிறார்கள். விட்டால் கொழுத்து, முட்டை குறைந்துவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது வெப்பம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் சூடே ஏறக்குறைய 41 டிகிரி. தின்ற தீவனம் செரித்துச் சதையாகும் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே சூடு பிறக்கிறது. ஐந்து வாரப் பிராய்லர் எந்நேரமும் எரியும் அடுப்பு. அந்தச் சூட்டை வெளியேற்ற வாயைத் திறந்து மூச்சிரைப்பதுதான் அதற்குள்ள பெரிய வழி. அதிகம் இரைத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை ஏறுகிறது. சதை வளர்ந்த வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுப்பதில்லை. வயிற்றில் நீர் கோத்துச் சாவதற்கும் இதுவே முக்கியக் காரணம். பல்லடம், நாமக்கல் பக்கம் சித்திரை, வைகாசியில் உச்சி வெயில் நேரத்தில் தீவனத்தை எடுத்துவிடுவது இந்தச் சூட்டைக் குறைக்கத்தான். எந்த வேகத்துக்காகக் குஞ்சு வாங்கினோமோ, அதை நாமே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

சிறுவிடைக்கு இந்தச் சிக்கல் குறைவு. மெதுவாக வளர்வதால் உள்ளே பிறக்கும் சூடு குறைவு. உடல் சிறியது, எடைக்குத் தோல்பரப்பு அதிகம், அதனால் சூடு எளிதில் வெளியேறுகிறது. வெயில் ஏறினால் மர நிழலில் மண்ணைக் கிளறிப் படுத்துக்கொள்ளும். ஆனால் கோழிகளைக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய் இதையும் விடாது. தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

நான் பேசுவது மேய்ச்சலில் விடும் சிறு வளர்ப்பைப் பற்றி. சிறுவிடையை ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்த்த பழக்கம் எனக்கில்லை. அங்கே தீவனச் செலவே ஆளை விழுங்கிவிடக்கூடும். குளிரூட்டும் வசதியுள்ள கொட்டகையும் ஒப்பந்த நிறுவனத்தின் குஞ்சும் தீவனமும் கிடைப்பவர் பிராய்லருக்கே போகலாம்.